மகளுக்கு உயரம் ஏறவில்லை, வயிற்றில் ஹெச். பைலோரி. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நீலக்குடை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 13 வயது முடிந்துவிட்டது. உயரம் 142 செ.மீ. வளர்ச்சி அட்டையில் சின்ன வயதிலிருந்தே அடிக்கோட்டை ஒட்டித்தான் வருகிறாள். இன்னும் வயதுக்கு வரவில்லை. மார்பு வளர்ச்சி போன வருடம்தான் தொடங்கியது. நான் 150 செ.மீ., அவள் அப்பா 165.

இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று காட்டப் போனோம். ஹீமோகுளோபின் 9தான். மாதக்கணக்கில் இரும்புச் சத்து மருந்து கொடுத்தோம். ஏறும், நிறுத்தினால் இறங்கும். கடைசியில் எண்டோஸ்கோபி எடுத்தார்கள். இரைப்பைச் சுவரில் சின்னச் சின்ன முடிச்சுகள், பயாப்ஸியில் ஹெலிகோபாக்டர் பைலோரி. 14 நாள் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து படித்தால், இந்தக் கிருமி புற்றுநோயை உண்டாக்கும் என்று இருக்கிறது. அன்று இரவு தூங்கவில்லை. என் கொழுந்தனார் வேறு, "அண்ணி, உயரமானவர்களுக்குத்தான் கேன்சர் அதிகம் வருமாம், குட்டையா இருக்கறது நல்லதுதான்" என்கிறார். ஆறுதலா கிண்டலா தெரியவில்லை.

கேட்க வேண்டியது மூன்று. இவள் வளராததற்கு இந்தக் கிருமிதான் காரணமா? இவளுக்குப் பின்னால் புற்று வருமா? கொழுந்தனார் சொன்னதில் ஏதாவது இருக்கிறதா? டாக்டரிடம் கேட்டேன், "அதெல்லாம் ஒன்றுமில்லை, மாத்திரையை ஒழுங்காகக் கொடுங்கள்" என்று முடித்துவிட்டார்.

ரெட்டைச்சுழி:

அக்கா, பயப்படாதீங்க. என் மகனுக்கும் இதே கதைதான். மாத்திரை சாப்பிடும்போது வாயெல்லாம் இரும்புக் கசப்பு என்பான், வயிறு கலங்கும், நாலாம் நாளே போதும் என்று அழுதான். விடாமல் 14 நாளும் கொடுத்து முடித்தோம். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்போது அவனுக்கு 13. அடுத்த ஒரே வருடத்தில் ஒன்பது செ.மீ. வளர்ந்தான்! கிருமி போனதும் உடம்பு பிடித்துக்கொண்டது. உங்கள் பெண்ணும் வளருவாள் பாருங்க.

அளவுகோல்:

நான் டாக்டர் இல்லை. பிள்ளைகளைக் கைக்குழந்தையிலிருந்து தொடர்ந்து அளந்துவரும் ஓர் ஆய்வில் தரவுப் பகுதியில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். உயரம், எடை, பருவ நிலை, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போகும். எனவே மாத்திரை பற்றிப் பேச மாட்டேன். எண்களைப் பற்றிப் பேசலாம்.

முதலில் ரெட்டைச்சுழி தம்பிக்கு. பையன்கள் மிக வேகமாக வளர்வது சராசரியாக 14 வயதையொட்டி. அந்த வருடத்தில் ஒன்பது, பத்து செ.மீ. ஏறுவது சாதாரணம். உங்கள் மகன் மாத்திரையால் வளர்ந்தானா, 14 ஆனதால் வளர்ந்தானா என்று அவன் ஒருவனை வைத்துச் சொல்ல வழியே இல்லை. இந்த வயதில் எதைக் கொடுத்தாலும் அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்துதான் நிற்கும். உயர டானிக் விற்பவர்கள் பிழைப்பதே இதில்தான்.

இப்போது உங்களுக்கு அம்மா. பெற்றோர் உயரத்தை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடுவார்கள். பெண் பிள்ளை என்றால் அப்பா உயரத்தில் 13 கழித்து, அம்மா உயரத்தைக் கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். 165இல் 13 போனால் 152, கூட்ட 150, பாதி 151. இதற்கு மேலும் கீழும் எட்டு செ.மீ. வரை வித்தியாசம் இருக்கலாம். மகள் இப்போதே 142. பெண் பிள்ளைகள் வேகமாக வளர்வது மாதவிடாய் தொடங்குவதற்கு முந்தைய ஓராண்டில். தொடங்கிய பிறகும் சராசரியாக ஐந்திலிருந்து ஏழு செ.மீ. ஏறுவார்கள். மார்பு வளர்ச்சி தொடங்கி இரண்டு, இரண்டரை வருடத்தில் மாதவிடாய் வருவது வழக்கம். அப்படிப் பார்த்தால் இவள் வேக வளர்ச்சியின் நடுவில் இருக்கிறாள். 13 வயதாகியும் மார்பு வளர்ச்சியே தொடங்காவிட்டாலோ, 15 ஆகியும் மாதவிடாய் வராவிட்டாலோதான் தாமதம் என்று தேட ஆரம்பிப்பார்கள். நீங்கள் சொன்ன விவரத்தில் எனக்குத் தெரிவது, குட்டையான குடும்பத்தில் கொஞ்சம் மெதுவாகப் பருவமடையும் ஒரு பெண். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்த்தால் இன்னும் எவ்வளவு பாக்கி என்று டாக்டரே சொல்லிவிடுவார்.

கிருமிதான் வளர்ச்சியைத் தடுத்ததா? இதில் சண்டை பழையது. ஹெச். பைலோரி உள்ள பிள்ளைகள் சராசரியாகக் குட்டையாக இருப்பது பல நாட்டுத் தரவில் வருகிறது. ஆனால் அந்தக் கிருமி யாரிடம் அதிகம்? நெருக்கடியான வீடு, ஒரே பாயில் பல பிள்ளைகள், நம்ப முடியாத தண்ணீர், போதாத சாப்பாடு. அதே பிள்ளைகள் கிருமி இல்லாவிட்டாலும் குட்டையாகத்தான் இருந்திருப்பார்கள். வீட்டு வசதியைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் பாதிக்கு மேல் கரைந்துபோவதை என் திரையிலேயே பார்த்திருக்கிறேன். கொலம்பியாவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வில், கிருமி புதிதாகத் தொற்றியவுடன் வளர்ச்சி வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆகவே ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அளவு சிறியது, அவ்வளவுதான்.

ஐரோப்பா, வட அமெரிக்கா இரண்டிலும் உள்ள குழந்தைகள் குடல்நோய்ச் சங்கங்கள் சேர்ந்து 2016இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கு நேரடிப் பதில் இருக்கிறது. பிள்ளை ஏன் குட்டை என்று தேடும்போது இந்தக் கிருமிக்குப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்கிறது. அதே வழிகாட்டி, இரும்பு கொடுத்தும் அடங்காத சோகை இருந்து, மற்ற காரணங்களும் இல்லை என்று உறுதியானால், எண்டோஸ்கோபியின்போது இதையும் பார்க்கலாம் என்கிறது. உங்கள் டாக்டர் உயரத்துக்காக உள்ளே போகவில்லை, சோகைக்காகப் போனார். அது நியாயமான காரணம். இரும்பைக் குடல் உறிஞ்ச இரைப்பை அமிலம் வேண்டும். நாள்பட்ட அழற்சியில் அமிலமும், இரைப்பை நீரில் உள்ள வைட்டமின் சியும் குறையலாம். கிருமிக்கும் இரும்பு தேவை.

ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள். சீலியாக் நோய்க்குப் பார்த்தார்களா? கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய். உயரம் ஏறாமை, இரும்பு ஏறாமை, தாமதமான பருவம் மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் விலக்க வேண்டியது அதைத்தான். எண்டோஸ்கோபியிலேயே சிறுகுடல் தொடக்கத்திலிருந்தும் சதை எடுத்திருந்தால் அறிக்கையில் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

புற்று பற்றி. 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உறுதியான பிரிவில் வைத்தது. உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் இது இருந்திருக்கிறது. அவர்களில் வாழ்நாளில் வயிற்றுப் புற்று வருவது நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு, அதுவும் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டி. அழற்சி, சுவர் மெலிதல், செல்கள் குடல் செல் மாதிரி மாறுதல், பிறகு கோணலாகுதல் என்று படிப்படியாக, பத்தாண்டுக் கணக்கில் நகரும் விஷயம். உங்கள் மகள் முதல் படியில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டீர்கள். சீனாவின் ஷான்டாங் மாகாணத்தில் 1995இல் பெரியவர்களுக்கு வெறும் இரண்டு வார மருந்து கொடுத்து 22 வருடம் பின்தொடர்ந்தார்கள். மருந்து எடுத்தவர்களிடம் வயிற்றுப் புற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அவர்கள் 35 வயதைத் தாண்டியவர்கள், பலருக்கு சுவர் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது.

கொழுந்தனார் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் சொன்னது: உயரம் 10 செ.மீ. கூடினால் மொத்தப் புற்று அபாயம் 16 சதவீதம் கூடுகிறது. உடம்பில் செல்கள் அதிகம், வளர்ச்சி ஹார்மோன் வழியாக வரும் தூண்டலும் அதிகம் என்பது விளக்கம். ஆனால் பத்து லட்சம் பேர் தரவைச் சேர்த்துப் பார்த்த 2012 ஆய்வில் வயிற்றுப் புற்றால் இறப்பது உயரமானவர்களிடம் குறைவாக இருந்தது. மற்ற புற்றுகள் பலவும் ஒரு பக்கம் போக, இது எதிர்ப்பக்கம் போகிறது. ஏன் என்றால் உயரம் என்பது அந்த ஆளின் சின்ன வயதுக் கணக்குப் புத்தகம். நல்ல சாப்பாடும் குறைவான தொற்றும் உயரத்தில் பதிகின்றன. அதே குறைவான தொற்று வயிற்றையும் காப்பாற்றியிருக்கிறது. குட்டையாக இருந்ததால் யாருக்கும் வயிற்றுப் புற்று வரவில்லை, உயரமாக இருந்ததால் யாரும் தப்பவும் இல்லை.

தொற்றால் வரும் புற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது, கிருமி எந்த வயதில் உள்ளே வந்தது என்பதுதான். 2018 கணக்குப்படி உலகில் புதிதாக வந்த புற்றுகளில் 13 சதவீதம் தொற்றால் வந்தவை. அதில் முதலிடம் ஹெச். பைலோரிக்கு, அடுத்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான ஹெச்பிவி வைரஸ், பிறகு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது இருக்கிறது. ஹெபடைடிஸ் பி பிரசவத்தின்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைக்கு நாள்பட்டதாகிவிடும். அதே வைரஸ் பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட நிலைப்பதில்லை. தைவான் 1984இல் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடங்கியது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஈரல் புற்று, பத்து ஆண்டுகளுக்குள் லட்சத்துக்கு 0.70இலிருந்து 0.36 ஆனது. பிறந்தவுடன் போட்ட ஊசியின் பலன் பள்ளிப் பிள்ளையிடம் தெரிந்தது.

எப்ஸ்டீன் பார் வைரஸ் இதற்கு நேர் எதிர். மூன்று நான்கு வயதில் வந்தால் சளி மாதிரி வந்து போய்விடும். பதின்ம வயதில் முதல் முறையாக வந்தால் கழுத்துக் கட்டி, தொண்டை வலி, வாரக்கணக்கில் சோர்வு என்று படுக்கப் போட்டுவிடும். டென்மார்க், சுவீடன் தரவை வைத்து 2003இல் பார்த்தபோது, அப்படிப் படுத்தவர்களிடம் அந்த வைரஸ் உள்ள ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது ஒரு வகை நிணநீர்ப் புற்று, ஏறக்குறைய நாலு மடங்காக இருந்தது, நடுவில் ஏறக்குறைய நாலு வருட இடைவெளியோடு. இந்த நோய் வசதியாக வளர்ந்த பிள்ளைகளிடம், அதிலும் உயரமானவர்களிடம், கொஞ்சம் அதிகம். வசதியான வீட்டில் சின்ன வயதுத் தொற்று தள்ளிப்போகிறது, அதே வசதி உயரத்தையும் கூட்டுகிறது. சரி, சீக்கிரம் வந்தால் நல்லது என்று முடிவு கட்டலாமா என்றால் அதுவும் முடியாது. மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் இதே வைரஸ் மிகச் சின்ன வயதில் வந்து, மலேரியாவும் சேர்ந்து, குழந்தைகளுக்குத் தாடையில் பர்கிட் லிம்போமா வருகிறது. ஒரே வைரஸ், வேறு வயது, வேறு புற்று. இந்த இடத்தில் எனக்கு இன்னமும் ஆச்சரியம் தீரவில்லை.

வேலைக்கார நர்ஸ்:

அளவுகோல் சார் எழுதியது நீளம் என்றாலும் சரி. நடைமுறையில் இரண்டு விஷயம். மாத்திரை முடிந்து குறைந்தது நாலு வாரம் கழித்துத்தான் கிருமி போனதா என்று பார்க்க வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையை அதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் ஆன்டிஜன் பரிசோதனை கேளுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது வேண்டாம். கிருமி போன பிறகும் அது பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இரண்டாம் முறை, மூன்றாம் முறை மருந்து சாப்பிட்டு வரும் பிள்ளைகளை வார்டில் பார்த்து நொந்திருக்கிறேன்.

வீட்டில் மற்ற பிள்ளைகள் இருந்தால், தொந்தரவு எதுவும் இல்லாதவர்களை இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்கத் தேவையில்லை. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது வயிற்றுப் புற்று இருந்தால் அது வேறு பேச்சு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரெட்டைச்சுழி:

சார், ஒரு சந்தேகம். கிருமி புற்று உண்டாக்கும், மருந்தால் பாதியாகக் குறையும் என்கிறீர்கள். அப்புறம் ஏன் எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதித்து மருந்து கொடுத்துவிடக் கூடாது? நர்ஸ் அக்கா வேண்டாம் என்கிறார்களே?

அளவுகோல்:

நல்ல கேள்வி. எல்லா இடத்திலும் ஒரே பதில் இல்லை. வயிற்றுப் புற்று அதிகம் உள்ள ஜப்பானில், சாகா மாவட்டத்தில் 2016 முதல் நடுநிலைப் பள்ளிக் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு, அதாவது 14, 15 வயதில், சிறுநீரில் பார்த்து, பிறகு மலத்தில் உறுதிசெய்து மருந்து கொடுக்கிறார்கள். அந்த வயதைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்துவிடும், இந்த வயதுக்கு மேல் மறுபடி தொற்றுவது குறைவு. மருந்தையும் ஏறக்குறைய பெரியவர்கள் அளவிலேயே கொடுக்கலாம், இரைப்பைச் சுவரும் இன்னும் கெட்டிருக்காது. கிருமி பரவலாக உள்ள, அதைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்குகளே பாதிக்குமேல் பலிக்காத இடங்களில் இதையே செய்தால், லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்து எதிர்ப்புச் சக்தியுள்ள கிருமிகளைத்தான் வளர்ப்போம். ஐந்து வயதில் கொடுத்தால் வீட்டிலிருந்தே திரும்பத் தொற்றவும் வாய்ப்பு உண்டு. என் சொந்த அபிப்பிராயம் கேட்டால் சாகாக்காரர்கள் செய்வது சரி. ஆனால் அது அவர்கள் எண்களுக்குச் சரி.

நீலக்குடை:

ரொம்ப நன்றி சார், சிஸ்டர், தம்பி. அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். சிறுகுடலிலும் சதை எடுத்திருக்கிறார்கள், இயல்பு என்று போட்டிருக்கிறது. அப்பாடா.

இன்னும் ஒன்று. பள்ளியில் ஹெச்பிவி ஊசிக்குக் கையெழுத்துக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இவள் இன்னும் வயதுக்கு வரவில்லையே, அதற்கு முன் போட்டால் மாதவிடாயே தள்ளிப்போகும், கர்ப்பப்பை பாதிக்கும் என்று மாமியார் ஒரே பிடிவாதம். வயதுக்கு வந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா?

அளவுகோல்:

காத்திருக்க வேண்டாம் அம்மா. நான் மேலே வயது வயது என்று சொன்னதற்கு மிகத் தெளிவான உதாரணமே இதுதான். பருவமடையும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறியதும் கர்ப்பப்பை வாயின் உள்பக்கத்து மென்மையான செல்கள் வெளிப்பக்கம் வந்து நிற்கும். பிறப்புறுப்பின் அமிலத்தில் பட்டுப்பட்டு அவை தடித்த செல்களாக மாறிக்கொண்டே இருக்கும். ஹெச்பிவி உட்காருவதும், பின்னால் புற்று தொடங்குவதும் பெரும்பாலும் அந்த மாறும் வளையத்தில்தான். அந்த மாற்றம் சுறுசுறுப்பாக நடக்கும் காலம் பதின்ம வயது. எதிர்ப்புச் சக்தி வைரஸைப் பார்ப்பதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

ஊசியில் இருப்பது வைரஸின் வெளி ஓட்டுப் புரதம் மட்டும். மரபுப் பொருள் கிடையாது, ஹார்மோன் கிடையாது. சினைப்பை சீக்கிரம் செயலிழக்கும் என்ற பயத்தைக் கிளப்பியவர்கள் சிலர் உண்டு. ஊசி போட்ட, போடாத பெண்களைப் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்ததில் வித்தியாசம் இல்லை. ஒன்பதிலிருந்து 14 வயதுக்குள் போட்டால் உண்டாகும் எதிர்ப்பொருள், வளர்ந்த பெண்களுக்குப் போடும்போது வருவதைவிட அதிகம். சின்ன வயதில் டோஸ் குறைவாகப் போதுமென்று ஆனதற்கும் அதுதான் காரணம். 2022 முதல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு டோஸையே ஏற்கலாம் என்கிறது. சுவீடனில் 2020இல் வந்த முடிவில், 17 வயதுக்கு முன் போட்டவர்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்று 88 சதவீதம் குறைவு. அதற்குப் பிறகு போட்டவர்களிடம் ஏறக்குறைய பாதிதான் குறைந்தது. மாமியாரிடம் இந்த இரண்டு எண்ணை மட்டும் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கையெழுத்து உங்களுடையது.

வேலைக்கார நர்ஸ்:

நீலக்குடை அக்கா, மருந்துக் கோர்ஸ் நடக்கும்போதே ஊசித் தேதி வந்தால் அதற்காகத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. காய்ச்சல் அதிகமாக இருந்தால் மட்டும் சில நாள் தள்ளலாம். சோகை இருப்பதைப் படிவத்தில் எழுதிவிடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் ஊசி போட்டவுடன் மயங்குவதுண்டு, கால் மணி நேரம் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

கிருமி போன பிறகும் இரும்பு மருந்தை உடனே நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்பச் சில மாதம் ஆகும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். சளி, காய்ச்சல் இருக்கும்போது எடுத்தால் அது பொய்யாக அதிகம் காட்டும், அதனால் உடம்பு நன்றாக இருக்கும் வாரமாகப் பார்த்துப் போங்கள்.